பத்து நொடிக்கு ஒரு வணக்கம்

வணக்கம் நண்பர்களே! ஒரு ரூட்டர் தன் பக்கத்து ரூட்டருக்குப் பத்து நொடிக்கு ஒருமுறை சொல்வதும் இதைத்தான். ஓ.எஸ்.பி.எஃப். என்று ஒரு வழித்தட நெறிமுறை இருக்கிறது. பெரிய அலுவலகங்கள், தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் நெட்வொர்க்குக்குள் எந்தப் பாதை குறைந்த செலவுப் பாதை என்று கண்டுபிடிக்கப் பயன்படுத்துவது. அதில் இந்தச் செய்திக்குப் பெயரே 'ஹலோ'. எதிர்ப்பக்கத்திலிருந்து நாற்பது நொடி ஹலோ வரவில்லையா? பக்கத்து வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று முடிவு கட்டி, அவர் வழியாகப் போன பாதைகளை எல்லாம் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, வேறு வழி தேட ஆரம்பித்துவிடும்.

இந்த 10, 40 என்ற எண்கள் ரூட்டரின் ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் உரியவை. இன்டர்ஃபேஸ் என்றால் கேபிள் வந்து சேரும் வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாசலுக்கும் இன்னும் சில அமைப்புகள் உண்டு. 'காஸ்ட்' எனப்படும் பாதைச் செலவு, அண்டை ரூட்டர் நம்ம ஆள்தானா என்று சோதிக்கும் ரகசியச் சொல், இந்த வாசலில் யாருக்கும் வணக்கம் சொல்ல வேண்டாம் என்று வாயடைக்கும் 'பாசிவ்' அமைப்பு... இப்படி. ஆயிரம் ரூட்டர், ரூட்டருக்கு இருபது வாசல் என்றால் இருபதாயிரம் வாசல்கள். அத்தனைக்கும் யாராவது எழுத வேண்டும், எழுதியது சரியா என்று யாராவது பார்க்க வேண்டும்.

யார் எழுதினார்கள், எப்படி எழுதினார்கள், கை செய்த வேலை கருவிகளிடம் போனபோது என்ன ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரை. பி.காம். படிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் அறைத்தோழன் நெட்வொர்க் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது அவன் புத்தகத்தைப் புரட்டினேன். படிக்கப் படிக்க இது எங்கள் பாடம் மாதிரியே தெரிந்தது. பேரேடு, தணிக்கை, ஒருவர் எழுத இன்னொருவர் சரிபார்ப்பது, வங்கிச் சரிகட்டும் பட்டியல்... எல்லாம் இங்கேயும் இருக்கிறது, வேறு பெயரில்.

ஒரே முதலாளி இருந்த காலம்

1969 அக்டோபர் 29 அன்று அமெரிக்காவில் ஆர்பாநெட்டின் முதல் செய்தி போனது. அப்போது ரூட்டர் என்ற சொல் கிடையாது. ஐ.எம்.பி. என்ற பெரிய பெட்டிகள்தான் அந்த வேலையைச் செய்தன. அவற்றைச் செய்தது பி.பி.என். என்ற நிறுவனம். பராமரித்ததும் அதுவே. மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் ஒரு கட்டுப்பாட்டு மையம் வைத்திருந்தார்கள். நாடு முழுக்கச் சிதறிக் கிடந்த பெட்டிகளின் மென்பொருளை அங்கே உட்கார்ந்தபடியே திருத்த முடிந்தது. இன்று 'நெட்வொர்க் ஆட்டோமேஷன்' என்று மேடை போட்டுப் பேசுகிறார்களே, அதன் ஒரு வடிவம் அப்போதே இருந்தது என்பது என் கருத்து. எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி, ஒரே முதலாளி. அதனால் சுலபம்.

முதலில் இருந்த வழித்தடக் கணக்கு முறையில், ஒவ்வொரு பெட்டியும் பக்கத்துப் பெட்டி சொன்னதை நம்பித் தன் அட்டவணையைத் திருத்திக்கொண்டது. கேள்விப்பட்டதை வைத்துக் கணக்கு எழுதுவது போல. கெட்ட செய்தி மெதுவாகப் பரவியது, பாக்கெட்டுகள் வட்டமடித்தன. 1979-ல் மெக்குவில்லன், ரிச்சர், ரோசன் ஆகியோர் உருவாக்கிய புது முறைக்கு மாறினார்கள். இதில் ஒவ்வொரு பெட்டியும் தன் இணைப்புகளின் நிலையை ஊருக்கே அறிவிக்கும். எல்லோரிடமும் முழு வரைபடம் இருக்கும். அதை வைத்து ஒவ்வொருவரும் குறைந்த செலவுப் பாதையைத் தானே கணக்கிடலாம். அந்தக் கணக்கின் மூலம் டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட வழிமுறை. 1956-ல் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் யோசித்ததாம்! (நாம் காபிக் கடையில் உட்கார்ந்தால் பில்தான் வருகிறது.)

புது முறைக்கும் சோதனை வந்தது. 1980 அக்டோபர் 27 அன்று ஆர்பாநெட் முழுவதும் பல மணி நேரம் முடங்கியது. காரணம் விசித்திரமானது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் 0 முதல் 63 வரை ஒரு வரிசை எண். 63-க்குப் பிறகு மறுபடி 0. கடிகாரம் போலச் சுற்றுவதால், எது புதிது எது பழையது என்பதை இரு எண்களுக்கும் உள்ள தூரத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். ஒரு பெட்டியில் நினைவகப் பிட்டுகள் உதிர்ந்து, 50-ஆம் எண் பெட்டியின் பெயரில் 44, 40, 8 என்ற மூன்று அறிவிப்புகள் ஒரே நேரத்தில் உலவின. விதிப்படி 44-ஐ விட 8 புதிது. 40-ஐ விட 44 புதிது. 8-ஐ விட 40 புதிது! முடிவே இல்லாத வட்டம். ஒவ்வொரு பெட்டியும் "ஆகா, புதுச் செய்தி" என்று வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தது. மறுதொடக்கம் செய்தாலும் பக்கத்துப் பெட்டி திரும்பக் கொடுத்துவிடும். கடைசியில் 50-ஆம் பெட்டியின் பெயரில் எது வந்தாலும் கண்டுகொள்ளாதே என்ற திருத்தத்தை ஒவ்வொரு பெட்டியிலும் ஏற்றித்தான் அடக்கினார்கள். ரோசன் இதை 1981-ல் ஆர்.எஃப்.சி. 789 என்ற ஆவணமாக எழுதி வைத்தார். தொழில்நுட்பம் தெரியாதவர்களும் வாசிக்கக்கூடிய துப்பறியும் கதை அது.

இதில் நான் கவனித்தது ஒன்று. பிழையும் ஒரே நொடியில் ஊர் முழுக்கப் போனது. அதைத் திருத்தும் வசதியும் ஒரே கையில் இருந்தது. அடுத்து வந்த காலத்தில் இரண்டாவது காணாமல் போனது.

கையால் எழுதிய காலம்

1984-ல் சிஸ்கோ தொடங்கப்பட்டது. ரூட்டர் என்பது கடையில் வாங்கும் பொருளானது. பல நிறுவனங்கள், பல மாடல்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டளை மொழி. இவை எல்லாம் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பொதுவான நெறிமுறை வேண்டும் என்றுதான் ஓ.எஸ்.பி.எஃப். வந்தது. முதல் வடிவம் 1989-ல், இரண்டாம் வடிவம் 1991-ல், இன்றும் அடிப்படையாக இருக்கும் ஆர்.எஃப்.சி. 2328 என்ற ஆவணம் 1998-ல். மூன்றையும் எழுதியவர் ஜான் மோய்.

மோய் எழுதிய ஆவணத்தில் வாசல் அமைப்புகளுக்கென்று ஒரு பின்னிணைப்பே இருக்கிறது. ஹலோ இடைவெளிக்கு உள்ளூர் நெட்வொர்க் என்றால் 10 நொடி, பழைய எக்ஸ்.25 இணைப்பு என்றால் 30 நொடி என்று மாதிரி எண்கள் தருகிறார். அண்டை ரூட்டர் இறந்ததாகக் கருதும் நேரம் அதைப்போல் நாலு மடங்கு இருக்கலாம் என்கிறார். முக்கியமான விதி: கேபிளின் இரு முனைகளிலும் இந்த இரு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 10, மறுபக்கம் 30 என்றால் வணக்கம் வந்து சேரும், ஆனால் ஏற்றுக்கொள்ளப்படாது. கேபிள் நன்றாக இருக்கும், விளக்கு பச்சையாக எரியும், உறவு மட்டும் ஏற்படாது. இரட்டைப் பதிவு முறை மாதிரிதான். பற்றும் வரவும் பொருந்தாவிட்டால் இருப்புச் சோதனை நேராகாது.

காஸ்ட் விஷயம் இன்னும் வேடிக்கை. பாதைச் செலவை எப்படிக் கணக்கிடுவது என்று நெறிமுறை சொல்லவில்லை. சிஸ்கோ ஒரு வழக்கம் வைத்தது: 100 மெகாபிட்டை வாசலின் வேகத்தால் வகுத்துக்கொள். 10 மெகாபிட் என்றால் செலவு 10. 100 மெகாபிட் என்றால் 1. பிறகு ஜிகாபிட் வந்தது. செலவு 0.1 ஆக வேண்டும், ஆனால் ஒன்றுக்குக் கீழே போக முடியாது, எனவே அதுவும் 1. பத்து ஜிகாபிட்டும் 1. மாட்டு வண்டிச் சாலைக்கும் நாற்கரச் சாலைக்கும் ஒரே சுங்கம்! சரிசெய்ய அந்த 100 என்ற அடிப்படை எண்ணை மாற்ற வேண்டும். அதுவும் எல்லா ரூட்டரிலும் ஒரே மாதிரி. சிலதில் மாற்றிச் சிலதை விட்டால் வரைபடமே கோணலாகிவிடும்.

இவ்வளவையும் ஒவ்வொரு ரூட்டராக உள்ளே போய்த் தட்டச்சு செய்தார்கள். சிஸ்கோவில் கட்டளை எழுதி என்டர் தட்டியதும் அமலுக்கு வந்துவிடும். வேறு ஊரில் இருக்கும் ரூட்டரில், தாங்கள் நுழைந்து வந்த வாசலின் அமைப்பையே மாற்றினால்? நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டிய கதைதான். அதனால் பழைய கைகள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். மாற்றத் தொடங்கும் முன் "பத்து நிமிடத்தில் மறுதொடக்கம் செய்துகொள்" என்று ரூட்டருக்குச் சொல்லிவிடுவது. மாற்றம் சரியாகப் போனால் அதை ரத்து செய்துவிடலாம். மாட்டிக்கொண்டால் ரூட்டரே பத்து நிமிடத்தில் எழுந்து பழைய அமைப்போடு நிற்கும். ஜூனிபர் நிறுவனம் இதையே முறையான வசதியாக்கியது. அங்கே எழுதுவது முதலில் வரைவுதான். 'கமிட்' சொன்னால்தான் அமல். 'கமிட் கன்ஃபர்ம்டு' என்று சொன்னால், குறித்த நேரத்துக்குள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் பழையபடி திரும்பிவிடும். ரஃப் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு ஃபேர் நோட்டில் எழுதும் பழக்கம் தெரிந்தவர் செய்த வேலை.

தட்டச்சு அலுத்தவர்கள் ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பித்தார்கள். 1990-ல் டான் லைப்ஸ் வெளியிட்ட எக்ஸ்பெக்ட் என்ற கருவி, திரையில் இன்ன எழுத்து வந்தால் இன்னதைத் தட்டு என்று மனிதனைப் போலவே நடிக்கும். திரையில் ஒரு சொல் மாறினால் நடிகர் மேடையில் திகைத்து நிற்பார். ரான்சிட் என்ற இன்னொரு கருவி எனக்கு மிகவும் பிடித்தது. அது எதையும் மாற்றாது. ரூட்டர்களிலிருந்து அமைப்பு முழுவதையும் எடுத்து வந்து, சென்ற முறை எடுத்ததோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மின்னஞ்சலில் அனுப்பும். சுத்தமான தணிக்கையாளர்.

குறை சொல்லக் கூடியவர்கள்

அதிகாரபூர்வமான வழி ஒன்று 1988-லிருந்தே இருந்தது. எஸ்.என்.எம்.பி. அதன் மூலம் ரூட்டரின் எண்களைப் படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். நடைமுறையில் படிப்பதற்கு மட்டும் பயன்படுத்தினார்கள். முதல் வடிவங்களில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே கம்பியில் போனது ஒரு காரணம்.

2002 ஜூனில் வர்ஜீனியா மாநிலம் ரெஸ்டனில் ஒரு கூட்டம் நடந்தது. நெறிமுறை எழுதுபவர்களும் நெட்வொர்க் நடத்துபவர்களும் ஒரே அறையில். "நீங்கள் எழுதித் தருவது எங்களுக்குப் பயன்படவில்லை" என்று நடத்துபவர்கள் சொன்னதன் சாரம் 2003-ல் ஆர்.எஃப்.சி. 3535 ஆக வந்தது. அவர்கள் கேட்டவற்றில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, நாங்கள் எழுதிய அமைப்பு வேறு, ரூட்டர் இப்போது இருக்கும் நிலை வேறு, இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள். இரண்டு, ஒவ்வொரு பெட்டியாக அல்லாமல் நெட்வொர்க்கை மொத்தமாக அமைக்க வழி செய்யுங்கள்.

முதல் கோரிக்கையைப் படித்ததும் துள்ளிக் குதித்தேன். ரொக்க ஏட்டின்படி இருப்பு, வங்கிக் கணக்கு ஏட்டின்படி இருப்பு. இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று விளக்குவதுதானே வங்கிச் சரிகட்டும் பட்டியல்! நாம் நினைத்திருப்பது ஒரு ஏடு. ரூட்டர் உண்மையில் வைத்திருப்பது இன்னொரு ஏடு. நள்ளிரவில் யாரோ அவசரத்துக்கு ஒரு காஸ்ட் எண்ணை மாற்றிவிட்டு மறந்துபோனால் இரண்டும் பிரியும். கைக்காலத்தில் முதல் ஏடே கிடையாது. அது பொறியாளர் தலைக்குள் இருந்தது. கருவிகள் கொண்டுவந்த பெரிய மாற்றம் வேகம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த முதல் ஏட்டைத் தலையிலிருந்து எடுத்துக் கோப்பில் எழுத வைத்ததுதான்.

கூட்டத்தின் விளைவாக 2006-ல் நெட்கான்ஃப், 2010-ல் யாங் என்ற மாதிரி எழுதும் மொழி. ஆனால் ஓ.எஸ்.பி.எஃப்.புக்கான பொதுவான யாங் மாதிரி எப்போது ஆர்.எஃப்.சி. ஆனது தெரியுமா? 2022 அக்டோபரில். இரண்டாம் வடிவ நெறிமுறை வந்து 31 ஆண்டுகள் கழித்து. ஹலோ இடைவெளியைத் தரப்படுத்த இரண்டு ஆண்டு, அதை எழுதும் படிவத்தைத் தரப்படுத்த ஒரு தலைமுறை!

அதற்குள் அன்சிபிள்

தரநிலைக் குழுக்கள் பேசிக்கொண்டிருந்தபோது, 2012-ல் மைக்கேல் டிஹான் அன்சிபிளை வெளியிட்டார். சர்வர்களை அமைக்க எழுதப்பட்டது. பெயர் உர்சுலா லெ குவின் அறிவியல் புனைகதையில் வரும், ஒளியை விட வேகமாகச் செய்தி அனுப்பும் கருவியின் பெயர். ரூட்டர்க்காரர்களுக்கு இது வசதியாகப் போனதற்குக் காரணம், மறுமுனையில் எந்த மென்பொருளையும் நிறுவத் தேவையில்லை என்பது. ரூட்டரில் நாம் நினைத்ததை நிறுவ முடியாது. 2015-ல் ரெட் ஹாட் நிறுவனம் அன்சிபிளை வாங்கியது, 2016-ல் நெட்வொர்க் சாதனங்களுக்கான பகுதிகள் சேர்ந்தன.

முதலில் வந்தவை நாகரிகமான எக்ஸ்பெக்ட்தான். கட்டளை வரிகளைக் கொடுத்தால் அனுப்பும். பிறகு வந்தவை வேறு வகை. ஓ.எஸ்.பி.எஃப். வாசல் அமைப்புகளுக்கென்றே தனிப் பகுதி. கட்டளை எழுத வேண்டாம். இந்த வாசலுக்குக் காஸ்ட் 30, ஹலோ 10 என்று பட்டியல் கொடுத்தால் போதும். ரூட்டரில் இருப்பதோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு மட்டும் கட்டளை போடும். ஏற்கனவே அப்படியே இருந்தால் எதுவும் செய்யாது. ஒரே ரசீதை இரண்டு முறை பதிந்தாலும் கணக்கு கெடாத பேரேடு!

அந்தப் பட்டியலோடு 'நிலை' என்று ஒரு சொல்லும் தர வேண்டும். இங்கேதான் ஆபத்து. 'மெர்ஜ்டு' என்றால் இருப்பதோடு சேர். 'ரீப்ளேஸ்டு' என்றால் பட்டியலில் உள்ள வாசலுக்கு மட்டும், இருப்பதை அழித்துவிட்டு இதை வை. 'ஓவர்ரிடன்' என்றால் பட்டியலில் இல்லாத வாசல்களின் ஓ.எஸ்.பி.எஃப். அமைப்புகளையும் எடுத்துவிடு. இருபது வாசல் ரூட்டருக்கு மூன்று வாசல் மட்டும் எழுதி, கடைசிச் சொல்லைப் போட்டால் மீதி பதினேழின் கதி என்ன? கருவி தவறு செய்யவில்லை, சொன்னதைத்தான் செய்தது. நல்ல வேளையாக, ரூட்டரைத் தொடாமல் என்னென்ன கட்டளை போகும் என்று மட்டும் எழுதிக்காட்டும் 'ரெண்டர்டு' என்ற நிலையும் இருக்கிறது.

வரிசையும் முக்கியம். ஹலோ நேரத்தை இரு முனையிலும் மாற்ற வேண்டும், தொலைவில் உள்ள ரூட்டருக்கு அந்த இணைப்பு ஒன்றுதான் வழி என்றால், தொலை முனையைத்தான் முதலில் மாற்ற வேண்டும். கிட்ட இருப்பதை முதலில் மாற்றினால் உறவு முறிந்து, தொலை முனைக்குப் போகும் பாதையே மறையலாம். அன்சிபிள் வழக்கமாக ஒரே சமயத்தில் ஐந்து சாதனங்களைக் கையாளும். ஒவ்வொன்றாகப் போ என்று நாம்தான் சொல்ல வேண்டும். கையால் செய்த பழைய ஆளுக்கு இது உள்ளங்கை நெல்லிக்கனி. கோப்பில் அதை எழுதாவிட்டால் கருவிக்குத் தெரியாது.

சரிபார்த்தவரைச் சரிபார்த்தது யார்

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றன. முதுகெலும்பு நெட்வொர்க்கின் கொள்ளளவை அறிய விடப்பட்ட ஒரு கட்டளை அத்தனை இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டளைகளைத் தடுக்கவே ஒரு தணிக்கைக் கருவி வைத்திருந்தார்கள். அந்தக் கருவியில் இருந்த பிழையால் அது தடுக்கவில்லை.

எனக்கு இதைவிடக் கனமாகத் தெரிவது கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்தில் 2022 ஜூலை 8 அன்று நடந்தது. ஏழு கட்டமாகத் திட்டமிட்ட மேம்பாட்டில் ஆறாவது கட்டம். விடியற்காலையில் விநியோக ரூட்டர்களிலிருந்து ஒரு வடிகட்டி நீக்கப்பட்டது. அது தடுத்து வைத்திருந்த வழித்தடத் தகவல் எல்லாம் மைய ரூட்டர்கள் மேல் வெள்ளமாகப் பாய, அவை சுருண்டு விழுந்தன. இவ்வளவுக்கு மேல் ஏற்றுக்கொள்ளாதே என்ற பாதுகாப்பு வரம்பு அங்கே அமைக்கப்பட்டிருக்கவில்லை. ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குச் சேவை போனது. கடைகளில் டெபிட் அட்டை வேலை செய்யவில்லை. பலரால் 911 என்ற அவசர எண்ணை அழைக்க முடியவில்லை. நெஞ்சு வலிக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட முடியாத நிலை என்பது எந்த நஷ்டக் கணக்கிலும் அடங்காது.

இதை அன்சிபிள் தலையில் கட்ட முடியாது. ஆனால் கனடாவின் ஒழுங்குமுறை ஆணையத்துக்காகச் செய்யப்பட்டு 2024-ல் சுருக்கம் வெளியான ஆய்வில் ஒரு விவரம் இருக்கிறது. திட்டத்தின் தொடக்கத்தில் இதன் அபாயம் 'அதிகம்' என்று வகைப்படுத்தப்பட்டிருந்தது. முதல் ஐந்து கட்டங்கள் பிரச்சினையின்றி முடிந்ததால், அபாயத்தை மதிப்பிடும் வழிமுறை ஆறாவது கட்டத்தை 'குறைவு' என்று மாற்றிவிட்டது. அதனால் கூடுதல் ஆய்வும் மேலிட ஒப்புதலும் தேவைப்படாமல் போயின. ஐந்து ரசீது சரியாக இருந்ததால் ஆறாவதைப் பார்க்காமல் டிக் அடித்த தணிக்கை! எங்கள் தணிக்கைப் பாடத்தில் மாதிரிச் சோதனை பற்றி ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது, இதைச் செய்யாதே என்று சொல்ல.

அன்று பொறியாளர்களால் ரூட்டருக்குள் நுழைந்து பார்க்கவும் முடியவில்லை. ரூட்டர்களை நிர்வகிக்கும் நெட்வொர்க், விழுந்துபோன அதே மைய நெட்வொர்க்கின் மேல்தான் ஓடியது. பெட்டகத்தின் சாவியைப் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டிய மாதிரி. ஊழியர்களுக்குள் பேசிக்கொள்ளவே போட்டி நிறுவனங்களின் சிம் அட்டை தேவைப்பட்டது. பிழைப் பதிவுகள் கைக்கு வந்து காரணம் தெரியச் சுமார் 14 மணி நேரம் ஆனது. சேவை திரும்பியபோது 26 மணி நேரம் கடந்திருந்தது. அதற்குப் பிறகுதான் ரோஜர்ஸ், மைய நெட்வொர்க்கைச் சாராத தனி நிர்வாக நெட்வொர்க் ஒன்றை அமைத்தது.